நாமக்கல் தொகுதியில் என் அப்பாவின் பெயர்

எனக்கு ஓட்டு கிடையாது. இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற கூலி வரிசை வீட்டில் பிறந்தவன் நான். அங்கேயே தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறேன். சுதந்திரம் வந்த கையோடு அந்த நாட்டுச் சட்டம் நாங்கள் அந்த நாட்டார் இல்லை என்று சொல்லிவிட்டது. இந்தியாவும் எங்களைத் தன் பிள்ளைகள் என்று இன்னும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவன் ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் கதையை எழுத வருவது, பல்லில்லாதவன் முறுக்குக்கு ருசி சொல்கிற கதைதான். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். சொல்லாவிட்டால் வயிறு எரிகிறது.

இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, இவர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு போட்டு ஒப்பந்தம் எழுதியது உலகத்துக்கே தெரியும். இந்தியப் பங்கில் சேர்ந்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். காரணம் பெரிய தேசபக்தி ஒன்றும் இல்லை. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத வாத்தியார்களை வருஷக் கடைசியில் நிறுத்திவிடுவோம் என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்திருந்தது. எனக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

கண்டியில் விண்ணப்பம் வாங்குகிற இந்திய அதிகாரி இரண்டு காகிதம் கேட்டார். ஒன்று, என் அப்பா கருப்பண்ணன் நாமக்கல் பக்கத்து ஊரில் பிறந்து, இலங்கைக்குப் போய், அங்கேயே செத்தார் என்று அந்த ஊர்க் கணக்கெல்லாம் பார்க்கிற கிராம அதிகாரி, அதாவது மணியக்காரர், எழுதித் தர வேண்டும். இன்னொன்று, எங்கள் குடும்பம் அந்த ஊரில் இன்னும் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக, அந்த வீட்டு வாக்காளர் பட்டியலின் நகல். இரண்டும் இருந்தால் நீர் இந்தியர், இல்லையென்றால் நான் என்ன செய்யட்டும் என்று கையை விரித்தார். ஒரு மாத அனுமதிச் சீட்டோடு கிளம்பினேன். கப்பலில் வாந்தி எடுத்ததையும் ரயிலில் நின்றுகொண்டே தூங்கியதையும் எழுதி உங்களைப் படுத்த மாட்டேன்.

ஜில்லாத் தலைநகரான சேலத்தில் இறங்கிய முதல் நாள், அறுபத்தேழாம் வருஷத் தேர்தலுக்கு நான்கு நாள் இருந்தது. கார்களில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு டீக்கடையில் டீ குடித்தேன். எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் சாயங்காலம் விளக்குமாற்றால் கூட்டி அள்ளுகிற தூளை இங்கே காசு வாங்கிக்கொண்டு கொதிக்கவைத்துத் தருகிறார்கள். ஓட்டலில் அரிசிச் சோறு இல்லை என்றார்கள். ஊரெல்லாம் அரிசிப் பஞ்சம். கோதுமையில் ஏதோ கிண்டி வைத்தார்கள், தின்றேன்.

கலெக்டர் ஆபீஸ் சுவர் நிழலில் மனு எழுதிக்கொண்டிருந்த சூசை என்பவரைப் பிடித்தேன். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் பேனாவோடு ஜெபமாலையும் வைத்திருந்தார். ஆபீசுக்குள் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்ததால், மத்தியானத்துக்குள் இதுவரை நடந்த மூன்று தேர்தலின் பட்டியலும் நடக்கப்போகிற தேர்தலின் பட்டியலும் எங்கள் முன்னால் வந்துவிட்டன. முதல் பட்டியலின் காகிதம் பழுத்துப் போயிருந்தது. சூசை விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு வீட்டில் நிறுத்தினார். கருப்பண்ணன், தகப்பன் பெயர் பெரியண்ணன். அதன் கீழே செல்லமுத்து, தகப்பன் பெயர் பெரியண்ணன். அது என் சித்தப்பா. அதற்கும் கீழே செல்லமுத்து மனைவி என்று மட்டும் இருந்தது. சித்திக்குப் பெயர் இருப்பதாகப் பட்டியல் எழுதியவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அப்பாவின் பெயரை அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. லயத்து ரேஷன் புத்தகத்தில் கூட அவர் ஒரு நம்பர்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்த காரியம் முடிந்தது என்று நினைத்து சூசையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அப்பா எப்போது தவறினார் என்று கேட்டார். இந்த முதல் தேர்தலுக்கு முந்தின மழைக்காலத்தில், ஐம்பத்தாறு வயதில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் என்றேன். சூசை கண்ணாடியைக் கழற்றிவிட்டு மற்ற மூன்று பட்டியல்களையும் புரட்டினார். எல்லாவற்றிலும் அப்பா இருந்தார். கடைசிப் பட்டியலில் அவருக்கு எழுபத்தொரு வயது.

"செத்தவருக்கு இங்க வயசு ஏறிக்கிட்டே போகுதுங்களே" என்றார் சூசை.

பிறகு அவர் விளக்கினார். இந்த நகலைக் கண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தால், கருப்பண்ணன் நாமக்கல்லில் உயிரோடு இருக்கிறாரே, தோட்டத்தில் செத்த கருப்பண்ணன் வேறு யாரோ, நீர் அந்த வேறு யாரோவின் மகன், போய் வாரும் என்று சொல்லிவிடுவார்கள். நான் வந்ததைவிட மோசமாகத் திரும்ப வேண்டியிருக்கும். வழி ஒன்றுதான். சித்தப்பா மணியக்காரர் முன்னால், என் அண்ணன் இலங்கையில் செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். பெயரை அடிக்க வேண்டும். அப்புறம் மணியக்காரர் சான்று எழுத வேண்டும்.

"உங்க சித்தப்பா ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். ஒரு வார்த்தைதானே என்று நானும் தைரியமாகப் படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் நாமக்கல் பஸ் புதுச்சத்திரத்தில் மூச்சை விட்டது. ரேடியேட்டர் கொதித்து ஆவி அடித்தது. கண்டக்டர் தகர டின்னோடு தண்ணீர் தேடிப் போனார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் மழைச் சேற்றில் வழுக்கி நிற்கும். இங்கே சுற்றிலும் கிணறுகள் இருந்தன, ஒன்றிலும் தண்ணீர் இல்லை. கண்டக்டர் ஒரு மணி நேரம் கழித்து முக்கால் டின் தண்ணீரோடு வந்தபோது ஜனங்கள் அவரை மாப்பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் இந்தத் தொகுதியின் சரித்திரம் முழுக்க எனக்குக் கிடைத்தது. எடப்பாடியில் தறி ஓட்டுகிற ஒருவரும், நாமக்கல் பக்கத்து விவசாயி ஒருவரும் புளியமரத்து நிழலில் சண்டை பிடித்துக்கொண்டே சொன்னார்கள். முதல் தேர்தலில் நாமக்கல் பக்கம் வேறொரு தொகுதியோடு கிடந்ததாம். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை உள்ளே போடாமல் பெட்டி மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள் பாதிப்பேர் என்றார் விவசாயி. அடுத்த தேர்தலில் நாமக்கல் தன் பெயரிலேயே ஒரு தொகுதியானது. அதற்கு ஒன்றல்ல, இரண்டு எம்.பி. ஆளுக்கு இரண்டு ஓட்டு. அதற்கடுத்த தடவை பெட்டிகள் போய், ஒரே காகிதத்தில் முத்திரை குத்துகிற முறை வந்தது. தறிக்காரரின் மாமனார் யார் மனசும் நோகக் கூடாது என்று எல்லாச் சின்னத்திலும் ஒவ்வொரு குத்து குத்திவிட்டு வந்தாராம். அவரைப் பார்த்து ஊரே சிரித்தது என்று சொல்லிவிட்டுத் தறிக்காரரும் சிரித்தார்.

ஜெயித்தவர்கள் யாரையாவது அப்புறம் பார்த்தீர்களா என்று கேட்டேன். "படத்துல பாத்தமுங்க" என்றார் விவசாயி. தொகுதியின் எல்லை மாறும், பெயர் மாறும், ஆள் மாறுவார், கிணறு மட்டும் மாறாது என்று சலித்துக்கொண்டார். எனக்கோ உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. மூன்று தடவை ஓட்டுப் போட்டவர் சலித்துக்கொள்கிறார். ஒரு தடவையும் போடாதவன் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அப்பா இலங்கையில் ஒரே ஒரு தேர்தலில், எங்களை ஒதுக்கிய அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஏழு மைல் நடந்து போய் ஓட்டுப் போட்டார். அதைத் திருவிழா மாதிரி சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவர்களிடம் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் எருமப்பட்டியில் இறங்கி, கிழக்கே நடந்தேன். வழியெல்லாம் காய்ந்த சோளத்தட்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. மலைநாட்டில் இந்நேரம் பனிமூட்டத்துக்குள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருப்பேன். இந்த மண்ணை விட்டு அப்பா ஏன் போனார் என்று கேட்பதே அபத்தம் என்று தோன்றியது. இங்கே இருப்பவர்கள் ஏன் இன்னும் போகவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சித்தப்பா செல்லமுத்து காய்ந்த கரும்புச் சக்கை மாதிரி இருந்தார். நான் யார் என்று சொல்வதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. "என்ற அண்ணன் நெத்தி அப்படியே இருக்குது சாமி" என்று இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டார். விட மாட்டேன் என்கிறார். சித்தி ஒரு பானையின் அடியில் எதற்கோ ஒளித்து வைத்திருந்த அரிசியை எடுத்து எனக்கு மட்டும் சோறு ஆக்கினார். அவர்கள் இரண்டு பேரும் சோளச் சோறும் கொள்ளுக் கடைசலும் சாப்பிட்டார்கள். அவர்கள் முன்னால் அதைத் தின்னக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் தின்றேன், தின்னாவிட்டால் அழுதுவிடுவார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் வந்த காரியத்தைச் சொன்னேன். இரண்டு காகிதம், வேலை, பெண் பிள்ளைகள், பட்டியலில் உயிரோடு இருக்கும் அப்பா, எல்லாம். நீங்கள் மணியக்காரரிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். சித்தப்பா பெயர் விஷயத்தைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்கென்ன சாமி, பாத்துக்கலாம்" என்றார். மாடு கத்துகிறது என்று எழுந்து போனார். மாடு கத்தவில்லை.

நான்காம் நாள் மணியக்காரர் வீட்டுக்குப் போனோம். நல்ல மனிதர். மோர் கொடுத்தார். அப்பா இலங்கைக்குப் போன கதை அவருக்கும் தெரியும். அவர் தகப்பனார் காலத்தில் நடந்தது. "உங்க சித்தப்பாரு ஒரு கைநாட்டு வெச்சாருன்னா நான் எழுதித் தாரனுங்க" என்றார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு ஓட்டு. அது முடியட்டுங்க" என்றார். மணியக்காரர் அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, சரி முடியட்டும் என்று சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் எனக்குப் பட்டென்று ஒன்று தோன்றியது. பூமி அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவில் இருக்கிறது. அண்ணன் செத்தார் என்று எழுதினால் மகன் பங்கு கேட்பான் என்று பயப்படுகிறார். ஓஹோ, இதுதானா என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். ஒரு சால் மண் கூட எனக்கு வேண்டாம், எழுதியே தருகிறேன் என்றேன். சித்தப்பா நின்றுவிட்டார். அவர் முகம் சுண்டிப் போயிற்று. "பூமி வேணும்னா இப்பவே எடுத்துக்க சாமி. அதுல என்ன இருக்குது, கல்லுத்தான்" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. நான் வெட்கப்பட்டுப் போனேன். ஆனால் வேறு என்னதான் காரணம் என்றும் தெரியவில்லை.

ஓட்டு நாள் காலையில் நான் எழுந்தபோது சித்தப்பா குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தார். நேற்று முழுக்க என் மனசுக்குள் அரித்த யோசனை அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சித்தப்பாவால் சொல்ல முடியாவிட்டால் நானே சொல்லிவிடுவது. பள்ளிக்கூடத்தில் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரியிடம் போய், இந்தப் பெயர்க்காரர் என் அப்பா, அவர் உயிரோடு இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். அவர் எழுதுகிற ஒரு வரியே எனக்குச் சாட்சியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரிசை. நானும் வரிசையில் நின்றேன். சொன்னால் சிரிப்பீர்கள், முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஓட்டு வரிசையில் நிற்கிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முன்னால் நின்றவர் எந்தச் சின்னம் என்று என்னையே கேட்டார். எனக்கு எதுவும் தெரியாது என்றேன், நம்பவில்லை. உள்ளே ஒரு மேஜை. இரண்டு பக்கமும் இரண்டு கட்சி ஏஜெண்டுகள். நடுவில் வெளியூர் வாத்தியார் ஒருவர் அதிகாரியாக இருந்தார். வாத்தியாருக்கு வாத்தியார் என்கிற உரிமையில் தாழ்ந்த குரலில் சொன்னேன். வீட்டு எண்ணையும் பெயரையும் சொன்னேன். அவர் பட்டியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கருப்பண்ணன் காலைல முதல் ஆளா வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயிட்டாருங்களே" என்றார்.

நான் அப்படியே நின்றேன். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். இரண்டு ஏஜெண்டுகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் என்னைத் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்து, பெரிதுபண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம்தானாம். "உங்க சித்தப்பாரு ஒரு ஓட்டுத்தானுங்க போடறாரு. பேரு எதுவா இருந்தா என்னுங்க?" என்றார். சண்டை போடுகிற இரண்டு கட்சியும் பதினைந்து வருஷமாக ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான் போலிருக்கிறது.

சித்தப்பா வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார். இடது ஆள்காட்டி விரலில் மை இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவரே சொன்னார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி இருந்தது.

"பட்டியல் எழுத வந்தப்ப, மூத்தவராச்சேன்னு அண்ணன் பேரையுஞ் சொல்லி வெச்சிருந்தன். மொதத் தடவ ஓட்டுப் போட வந்தப்ப, அண்ணன் செத்த காயிதம் வந்து மூணு மாசம். மொட்ட போட்ட தலை கூட சரியா வளரல. ஆபீசரு பட்டியலப் பாத்து மொதல்ல அண்ணன் பேரத்தான் கூப்புட்டாரு. செத்துட்டாருன்னு அத்தன பேரு முன்னால எனக்கு வாயில வரல சாமி. நாந்தானுங்கன்னு கைய நீட்டிப்போட்டன். மை வெச்சுட்டாங்க. அப்பறம் என்ற பேரக் கூப்புட்டாங்க. ஆரும் போகல."

அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலிலும் அப்படியேதான். ஆபீசர் வந்து ஆள் இருக்கிறாரா என்று விசாரித்தால் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார். மூத்தவர் பெயரை விட்டுவிட்டு இளையவன் முந்திப் போய் ஓட்டுப் போடுவதா என்று நினைத்தாராம். ஆகமொத்தம் செத்துப்போன என் அப்பா நான்கு தேர்தலிலும் தவறாமல் ஓட்டுப் போட்டிருக்கிறார். உயிரோடு இருக்கும் சித்தப்பா இன்றுவரை ஒரு ஓட்டும் போட்டதில்லை. எனக்கோ போடவே பேர் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. உங்கள் பாசத்தில் இடி விழ, என் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கப் போகிறார்கள் என்று கத்தினேன். இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் மை வைத்த விரலை வேட்டியில் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். அது போகிற மையா? பார்க்கச் சகிக்காமல் நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மறுநாள் மணியக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நேத்து ஓட்டுப் போட்டவரு பதினாறு வருசத்துக்கு முந்தியே செத்துட்டாருன்னு எப்படிங்க எழுதறது? எழுதுனா, அப்ப போட்டது ஆருன்னு கேப்பாங்க. செல்லமுத்துவ ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு உங்களுக்கு மனசு வருமுங்களா?" என்றார். சித்தப்பா, போறனுங்க, எழுதுங்க என்று எழுந்து நின்றார். அவருக்கு அறுபத்தாறு வயது. சித்தி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று நான் சொன்னேன். அதைச் சொல்வதற்காகவா கடல் தாண்டி வந்தேன் என்று நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வெறுங்கையோடு கிளம்பினேன். கண்டி அதிகாரியிடம் என்ன சொல்வது, வருஷக் கடைசியில் சோற்றுக்கு என்ன செய்வது, ஒன்றும் தெரியவில்லை. வானொலியில் யார் முந்துகிறார்கள், யார் பிந்துகிறார்கள் என்று எருமப்பட்டிக் கடைகளில் கூட்டம் கூட்டமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்சியே மாறப்போகிறது என்று சிலர் துள்ளினார்கள். மாறட்டும். எனக்கு அதில் ஒரு பக்கம் சாய்ந்து சந்தோஷப்படக்கூட உரிமை இல்லை.

சித்தப்பா பஸ் வரைக்கும் கூடவே வந்தார். சித்தி கொடுத்த கடலை மூட்டையை அவரே சுமந்தார். பஸ் வந்து நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். சொல்வதா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, பஸ் உறுமுகிற சத்தத்தில் எனக்குக் கேட்கவேண்டுமே என்று குரலை உயர்த்திச் சொன்னார்.

"அடுத்த தடவ பட்டியல் எழுத வரும்போது உன்ற பேரையுஞ் சொல்லி எழுதி வெச்சர்றன் சாமி. நீ வர முடியலீன்னாலும் ஆராச்சும் போட்டுக்கறோம்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.